பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் சுண்ணாம்புச் சத்து

பால் குடித்தால் வயிறு உப்பும் பெரியவர்கள் கலும்பாங் வட்டாரத் தோட்டப்புறங்களிலும் உண்டு. அவர்களுக்கும் எலும்பு தேயாமல் இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் (சுண்ணாம்புச் சத்து) தேவை. 50 வயதைத் தாண்டினால் 1,200.

நூறு கிராம் பசும்பாலில் சுமார் 120 மி.கி. இருக்கிறது. அதே எடை கேழ்வரகு மாவில் 340 வரை, பச்சை முருங்கைக்கீரையில் 300க்கு மேல். ஆனால் அளவை மட்டும் பார்க்கக் கூடாது, உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்பதே முக்கியம். பாலில் உள்ளதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சேரும். பாயம் கீரையில் ஆக்சலேட் அதிகம். அது கால்சியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். சாவி, காய்லான் கீரைகளில் அந்தத் தொல்லை குறைவு, பாதியளவு சேர்ந்துவிடும். சந்தையில் மலிவாகவும் கிடைக்கும். என் முதல் பரிந்துரை இவைதான்.

கேழ்வரகை ஊறவைத்து, முளைகட்டி, காயவைத்து அரையுங்கள். சத்தைத் தடுக்கும் பைட்டேட் குறையும்.

தவ்ஹூ வாங்கும்போது கால்சியம் சல்பேட் சேர்த்து உறையவைத்ததா என்று கேளுங்கள். சோயாப்பாலில் இயல்பாகக் கால்சியம் குறைவு, சேர்க்கப்பட்டதை வாங்கி, நன்றாகக் குலுக்கிக் குடிக்கவும்.

தே தாரிக் குடிப்பதால் பால் சத்து கிடைத்துவிட்டது என்று எண்ண வேண்டாம். அதில் ஊற்றும் இனிப்பு டின் பால் பலவற்றில் பால் கொழுப்புக்குப் பதில் செம்பனை எண்ணெய்தான் இருக்கிறது, சர்க்கரையும் ஏராளம்.