தலை இல்லாத பேஸ் கிட்டார்: தீவில் வைத்திருப்போர் அறிய வேண்டியவை

ஸ்ரீ விஜயபுரத்தில், அதாவது பழைய போர்ட் பிளேரில், தலை இல்லாத பேஸ் கிட்டார் வாங்கப் போகிறவரிடம் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். அதற்குத் தந்தி கிடைக்காது என்பார் ஒருவர். ஒரு தடவை சுருதி கூட்டினால் போதும், பிறகு தொடவே வேண்டாம் என்பார் இன்னொருவர். இரண்டையும் நம்பினால் காசு வீணாகும். சென்னையிலிருந்து கடல்வழியாக ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தள்ளி, கப்பலில் மூன்று நாள் பயணத்தில், ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை கொட்டும் ஊர் இது. இங்கே வாத்தியம் வைத்திருப்பவருக்கு அதன் உண்மையான குணம் தெரிந்திருக்க வேண்டும்.

முதலில், இது நேற்று வந்த பாஷன் என்ற எண்ணம். இந்த வடிவத்தை உருவாக்கிய நெட் ஸ்டைன்பெர்கர் அடிப்படையில் மரச்சாமான் வடிவமைப்பாளர். 1988இல் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜாக் ஸ்டைன்பெர்கரின் மகன். 1970களின் பிற்பகுதியில் நியூயார்க்கின் புரூக்ளினில் கிட்டார் தயாரிப்பாளர் ஸ்டூவர்ட் ஸ்பெக்டருக்காக ஒரு பேஸ் கிட்டாரை வடிவமைத்த பிறகு, அந்த வாத்தியத்தின் பழைய குறை ஒன்று அவர் கண்ணை உறுத்தியது. நீண்ட நெக்கின் நுனியில் மரத்தலையும் நான்கு கனமான ட்யூனர்களும் இருப்பதால், கையை எடுத்தவுடன் நெக் கீழே சாய்கிறது. அவர் தலையையே எடுத்துவிட்டு, ட்யூனர்களை உடல் பக்கம் பிரிட்ஜுக்குப் பின்னால் கொண்டுவந்தார். மரத்துக்குப் பதில் கார்பன் இழையும் கண்ணாடி இழையும் எப்பாக்சியில் தோய்த்து வார்த்தார். அப்படிப் பிறந்த எல்2 பேஸை 1981ஆம் ஆண்டின் சிறந்த வடிவமைப்புகளில் ஒன்றாக டைம் இதழ் தேர்ந்தெடுத்தது. ஸ்டிங்கும் ரஷ் குழுவின் கெடி லீயும் 80களில் அதை மேடையேற்றினார்கள். 1987இல் கிப்சன் ஸ்டைன்பெர்கரின் நிறுவனத்தை வாங்கியது. நாற்பது ஆண்டுகளுக்கு மேல் தாக்குப்பிடித்த ஒரு வடிவத்தை விளையாட்டுப் பொருள் என்று ஒதுக்குவது நியாயமில்லை.

“தலை இல்லையென்றால் ஒலியில் கனம் இருக்காது” என்பது அடுத்த பேச்சு. பேஸின் ஒலியைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை தந்தி, பிக்கப், அது பொருத்தப்பட்ட இடம், வாசிப்பவரின் விரல் ஆகியவைதான். தலையின் எடைக்கும் ஒரு பங்கு உண்டு. ஆனால் அது வேறு இடத்தில் தெரிகிறது. வழக்கமான பேஸ்களில் ஜி தந்தியின் ஐந்தாவது ஃபிரெட்டிலிருந்து ஏழாவது வரை ஏதோ ஒரு சுரம் சட்டென்று அடங்கிப்போகும். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் என்ற ஆய்வாளர் இதை அளந்து ஆராய்ந்திருக்கிறார்: அந்தச் சுரத்தின் அதிர்வெண்ணும் நெக்கின் சொந்த அதிர்வெண்ணும் ஒன்றும்போது, தந்தியின் ஆற்றலை நெக் குடித்துவிடுகிறது. தலையை எடுத்தால் நெக்கின் அதிர்வு மாறும், அடங்கும் இடமும் இடம்பெயரும். விறைப்பான கார்பன் நெக்கில் இந்தக் குறை வெகுவாகக் குறையும். மர நெக் வைத்த தலையில்லா பேஸில் அது அறவே இருக்காது என்று எந்தக் கடைக்காரரும் உறுதி தர முடியாது. வாங்குமுன் ஜி தந்தியில் ஒவ்வொரு ஃபிரெட்டையும் மீட்டிக் கேட்பதே வழி.

சுருதி விஷயத்துக்கு வருவோம். தீவில் அதிகம் ஏமாற்றம் தருவது இதுதான். தந்தி சுற்றும் முளை இல்லை. சுற்று நழுவ வாய்ப்பில்லை. தந்தி நேராக இழுக்கப்படுகிறது. ஆகவே இது வழக்கமான பேஸைவிடச் சுருதியில் நிலையாக நிற்கும் என்பது உண்மை. ஆனால் எஃகுத் தந்தி வெப்பத்தில் நீளும், குளிரில் சுருங்கும். ஏசி அறையில் சுருதி கூட்டி, மரினா பார்க் பக்கம் ஒரு திறந்தவெளி மேடையில் விளக்குச் சூட்டுக்குக் கீழே நின்றால் சுருதி இறங்கத்தான் செய்யும். அதற்கும் மேலாக மர நெக் ஈரத்தை உறிஞ்சி அசையும். தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டும் அந்தமானை நனைக்கின்றன. வறண்ட மாதங்கள் குறைவு. மரத்தைப் பொறுத்து நெக் முன்னோ பின்னோ வளையலாம். எந்தப் பக்கம் என்று ஊகிக்காமல் அளந்து பார்க்க வேண்டும்.

இங்கேதான் “தலையில்லா பேஸில் ட்ரஸ் ராட் கிடையாது, திருப்ப ஒன்றுமில்லை” என்ற தவறு நுழைகிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்யும் இந்தக் கம்பி முதல் ஸ்டைன்பெர்கர்களில் இல்லை, உண்மை. கார்பன் வார்ப்புக்கு அது தேவைப்படவில்லை. இன்று கடைகளில் கிடைக்கும் தலையில்லா பேஸ்களில் பெரும்பாலானவை மர நெக் கொண்டவை. அவற்றில் ட்ரஸ் ராட் உண்டு, அதைத் திருப்பவும் வேண்டும்.

செய்முறை கடினமில்லை, வரிசை முக்கியம். முழுச் சுருதி கூட்டிய பிறகு, தந்தியை முதல் ஃபிரெட்டிலும், நெக் உடலோடு சேரும் இடத்திலுள்ள ஃபிரெட்டிலும் அழுத்திக்கொண்டு, ஏழாவது எட்டாவது ஃபிரெட் அருகே தந்திக்கும் ஃபிரெட்டுக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்க வேண்டும். 0.3 மில்லிமீட்டர் அளவில் இருந்தால் நலம். கூடுதலாக இருந்தால் பொதுவாக வலஞ்சுழியாகக் கால் சுற்று. தந்தி ஃபிரெட்டில் ஒட்டிக்கொண்டால் இடஞ்சுழியாகக் கால் சுற்று. பிறகு சுருதி கூட்டி, சில மணி நேரம் விட்டு மறுபடி அளக்க வேண்டும். முறுக்கிப் பணிய வைப்பது நெக்கை உடைக்கும். அது சரியான பின்பே சேடில் உயரம். பன்னிரண்டாவது ஃபிரெட்டில் ஈ தந்தி சுமார் இரண்டரை மில்லிமீட்டர், ஜி தந்தி சுமார் இரண்டு. கடைசியில்தான் சேடிலை முன்பின் நகர்த்துவது: பன்னிரண்டாவது ஃபிரெட்டில் அழுத்திய சுரம், அதே இடத்தில் தொட்டெடுக்கும் ஹார்மோனிக்கைவிட ஏறியிருந்தால் சேடில் பின்னால் போக வேண்டும், இறங்கியிருந்தால் முன்னால். தலையில்லா பேஸ் பலவற்றில் சேடிலும் ட்யூனரும் ஒரே கட்டையாக நகரும். அப்படிப்பட்டதில் தந்தியைத் தளர்த்தாமல் பூட்டுத் திருகைக் கழற்றினால் கட்டை பாய்ந்து முன்னால் வந்துவிடும்.

தந்தி கிடைக்காது என்ற பயத்துக்கு ஒரு காலத்தில் ஆதாரம் இருந்தது. ஸ்டைன்பெர்கருக்கு இரு முனையிலும் உருண்டை வைத்த, அளந்து செய்த தந்திகள்தான் வேண்டும். பிற்பாடு வந்தவற்றில், 2020இல் ஐபனேஸ் கொண்டுவந்த ஈஎச்பி வரிசை உட்பட, சாதாரணத் தந்தியே போதும். உருண்டை பிரிட்ஜில் உட்காரும், மறுமுனையை நட்டுக்குப் பின்னால் ஒரு திருகு கவ்வும். ஆனால் அந்தத் திருகை நன்றாக இறுக்கி, தந்தியைச் செங்குத்தாக மடக்கிய பிறகே வெட்ட வேண்டும். முன்பே வெட்டினால் மேல்சுற்று உள்கம்பியிலிருந்து நழுவி, தந்தி செத்த ஒலி தரும். இன்னொன்று: ட்யூனர் ஓடும் தூரம் குறைவு. அதை முழுதும் தளர்த்தி வைத்து, தந்தியைக் கையால் இழுத்துப் பிடித்துக் கவ்வ வேண்டும். தொய்வாக மாட்டினால் சுருதியைத் தொடுமுன்பே திருகு முடிந்துவிடும்.

கார்பன் உடல் துருப்பிடிக்காது, ஆகவே கடற்கரை ஊருக்கு ஏற்றது என்பதும் பாதி சரி. உடல் துருப்பிடிக்காது. சேடில் திருகு, ட்யூனர் மரை, ஆலன் திருகு எல்லாம் உலோகம். அவை மொத்தமும் வலது கை வியர்வை படும் இடத்தில் இருக்கின்றன. ஒவ்வொரு தந்தியும் கிட்டத்தட்ட இருபது கிலோ இழுவையில் நிற்கிறது. உப்புப் படிந்த மரை அந்தப் பாரத்தில் இறுகி, விரலால் திருப்பவே முடியாமல் போகும். வாசித்து முடித்ததும் உலர்ந்த துணியால் துடைப்பதும், தந்தி மாற்றும்போது மரையில் துளி கிரீஸ் வைப்பதும், பெட்டிக்குள் சிலிகா ஜெல் போடுவதும் கட்டாயம். ஏசி அறையிலிருந்து எடுத்துவந்தவுடன் பெட்டியைத் திறக்கக் கூடாது. குளிர்ந்த உலோகத்தில் நீர் கோத்துக்கொள்ளும்.

விமானத்தில் கையோடு எடுத்துப்போகலாம் என்றும் சொல்கிறார்கள். வழக்கமான பேஸைவிட ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் குட்டை என்பது சரிதான். ஆனால் உள்நாட்டு விமானங்களில் கைப்பைக்குப் பொதுவான வரம்பு 7 கிலோ. நீளம், அகலம், உயரம் கூட்டி 115 சென்டிமீட்டர். உறையோடு சேர்த்தால் தலையில்லா பேஸும் அதைத் தாண்டும். விமான நிறுவனத்திடம் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, கெட்டியான பெட்டியில் வைப்பதே நல்லது.

தீவில் பழையது ஒன்று விலைக்கு வந்தால் மூன்றைப் பார்த்த பிறகே பணம் கொடுங்கள்: ஒவ்வொரு ட்யூனரும் முதலிலிருந்து கடைசிவரை தடங்கலின்றி ஓடுகிறதா, ட்ரஸ் ராட் இரு பக்கமும் அசைகிறதா, எந்த வகைத் தந்தி மாட்ட வேண்டும். பேஸோடு வந்த ஆலன் கீகளையும் தவறாமல் கேட்டு வாங்குங்கள். இரண்டு செட் தந்தி எப்போதும் வீட்டில் இருக்கட்டும்.