கருவியோடு வரும் மொழிபெயர்ப்பாளர்

தமிழும் கன்னடமும் தெலுங்கும் ஒலிக்கும் தொழில்நகரமான ஓசூரில், ஒரு மொழி மட்டும் அறிந்தவருக்கு மொழிபெயர்ப்பாளர் தேவைப்படலாம். கணினிக்கும் அதில் செருகப்படும் யுஎஸ்பி கருவிக்கும் இடையே அப்பணியைச் செய்யும் மென்பொருளே இயக்கி.

தமிழக அரசு 2011இல் வழங்கத் தொடங்கிய விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோசும், சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் இருந்தன. அக்காலத்து இணைய அட்டைகள் பல, செருகியவுடன் தம்மைக் குறுந்தகடாகக் காட்டின. உள்ளிருந்த இயக்கியை நிறுவியபின் மோடமாக மாறின. விண்டோசுக்குரிய இயக்கி மட்டுமே உள்ளிருந்தால், லினக்சுக்கு அது வெறும் குறுந்தகடாகவே நின்றுவிடக்கூடும்.

ஒவ்வோர் இயங்குதளத்துக்கும் உரிய இயக்கியைக் கருவியிலேயே சேர்த்தல், இயங்குதளங்களில் முன்பே உள்ள பொது இயக்கி போதுமாறு கருவியை வடிவமைத்தல் ஆகியன இதற்குத் தீர்வுகள். மாணவர் எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தாலும் இணையம் கிடைக்கச் செய்வது வடிவமைப்பாளரின் கடமையாகும்.