நூற்றுக்கு அப்பால் ஒரு ஸ்தானம்

அன்புள்ள மீனாட்சிக்கு,

உலகத் தரவரிசையின் முதல் பத்துப் பேரை அறிந்தால் போதாதா, நூறாவது ஸ்தானத்துக்கு அப்பால் இருப்பவர்களால் டென்னிஸுக்கு என்ன பிரயோஜனம் என்று கேட்டிருந்தாய். விடையாக, பொலின் பார்மான்தியே என்னும் பிரெஞ்சு ஆட்டக்காரியின் வரலாற்றைச் சொல்கிறேன்.

1986-ல் பிறந்த அவர், 2007-ல் தாஷ்கண்டிலும் மறு ஆண்டு ஆஸ்திரியாவின் பாட் காஸ்டைனிலும் பட்டம் வென்று, தமது 22-ஆம் வயதில் உலகின் 40-ஆம் ஸ்தானத்தை எட்டினார். அதற்குமேல் அவர் ஒருபோதும் ஏறவில்லை என்பதையும், அதன் பின்னரும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடினார் என்பதையும் சேர்த்தே நீ யோசிக்க வேண்டும்.

தரவரிசையின் விதி தயவு தாட்சணியம் அறியாதது. கடந்த 52 வாரங்களில் ஈட்டிய புள்ளிகளே கணக்கில் நிற்குமாதலால், சென்ற ஆண்டு வென்றதை இவ்வாண்டும் வெல்லாதவர் இருந்த இடத்தில் இருக்க முடியாது. நூற்றுக்கு அப்பால் வெகுதூரம் சரிந்தவர், 128 பேர் ஆடும் கிராண்ட் ஸ்லாம் போட்டிக்குள் நுழைய, முந்தைய வாரமே வந்து மூன்று தகுதிச் சுற்றுகளை வென்றாக வேண்டும். தவறினால், பரிசுத் தொகை சொற்பமான சிற்றூர்ப் போட்டிகளே கதி. பிரயாணத்துக்கும் விடுதிக்கும் பயிற்சியாளருக்கும் ஆகும் செலவோ குறைவதில்லை. பிரெஞ்சுப் பெண்களுக்கு ஓர் ஆறுதல் உண்டு: பாரிஸில் நடக்கும் கிராண்ட் ஸ்லாம் போட்டியான ரோலான் காரோஸில், தகுதிச் சுற்று ஆடாமலே நுழைய விடும் வைல்டு கார்டு என்ற அனுமதியை உள்நாட்டார் சிலருக்கு அளிப்பது வழக்கம். 2014-ல் அப்படி நுழைந்த பார்மான்தியே, தம்மினும் மிக மேலே இருந்த ரொபெர்த்தா வின்சியை வீழ்த்தி, நான்காம் சுற்று வரை சென்றார்.

ஆயினும் நீ நினைவில் வைக்க வேண்டியது 2018 ஏப்ரல் மாதம். பிரான்ஸின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரில் அமெரிக்காவுக்கு எதிராக நடந்த, நாடுகளின் பெண்கள் அணிகள் மோதும் ஃபெட் கோப்பையின் அரையிறுதியில், ஸ்லோன் ஸ்டீவன்ஸிடமும் மாடிசன் கீஸிடமும் தமது இரண்டு ஒற்றையர் ஆட்டங்களையும் அவர் இழந்தார், பிரான்ஸும் தோற்றது. சொந்த ஜனங்களின் முன்னிலையில் நேரும் தோல்வியின் பாரம் லேசானதன்று. அப்படியிருந்தும், ஓய்வென்று ஒரு வாரம்கூட ஒதுங்காமல், உடனே இஸ்தான்புல் சென்று களிமண் ஆடுகளத்தில் ஆட்டத்துக்கு ஆட்டம் முன்னேறி, இறுதியில் போலோனா ஹெர்கோகை 6-4, 3-6, 6-3 என வென்று, பத்தாண்டுகளுக்குப் பிறகு ஒரு பட்டத்தைக் கைக்கொண்டார். அப்போது அவருக்கு வயது 32. அந்தப் பத்தாண்டுகளில் எத்தனை முறை விட்டுவிடலாம் என்று தோன்றியிருக்கும்! அதே ஆண்டு கியூபெக் நகரில் அவரிடம் இறுதியாட்டத்தில் தோற்ற ஜெசிகா பெகுலா, பின்னாளில் உலகின் மூன்றாம் ஸ்தானம் வரை உயர்ந்தார். உச்சிக்குச் செல்கிறவர்கள் யாரோடு மோதித் தேர்ச்சி பெறுகிறார்கள் என்பதற்கு வேறு அத்தாட்சி வேண்டாம். உன் கேள்விக்கு என் விடையும் அதுவே.

2019 நவம்பரில் பெர்த் நகரில் ஆஸ்திரேலியாவை 3-2 என வென்று பிரான்ஸ் ஃபெட் கோப்பையைப் பெற்றபோது, அவர் அணியில் இருந்தார். ஓர் ஒற்றையர் ஆட்டத்தில் களமிறங்கித் தோற்றார். அடுத்த ஆண்டு ரோலான் காரோஸில் விளையாட்டிலிருந்து விடைபெற்றார்.

வருகிற மே மாதம் பாரிஸ் போட்டியின் ஆட்ட அட்டவணை வெளியாகும்போது, பிரதானச் சுற்றை மட்டும் பாராமல், அதற்கு முந்தைய வாரத்தின் தகுதிச் சுற்றுகளையும் பார். அங்கிருந்து வென்று வருகிறவர்களுள் ஒருவரைத் தேர்ந்துகொண்டு, அவர் அந்த ஆண்டு எந்தெந்த ஊர்களில் ஆடினார் என்று விசாரித்து எனக்கு எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா