களர் மண் இறுகுவது ஏன்? ஒரு தம்ளர் மழைநீரில் சோதனை

மழை பெய்தால் சேறு. நான்கு நாள் வெயில் அடித்தால் பாறை. முளைத்த பயிர் மேலே வர வழியில்லை. எத்தனை சால் உழுதாலும் அடுத்த மழையில் நிலம் பழையபடி இறுகிவிடும். களர் நில விவசாயிகள் பலரும் கூறும் குறை இது. இதற்குக் காரணம் உழவுக் குறைவு அன்று. களித்துகளின் மேல் ஒட்டியுள்ள சோடியமே.

காரணம்

களித்துகள்கள் மிக மெல்லிய தகடுகள். இவை கால்சியம், சோடியம் போன்ற சத்துக்களைத் தம்மேல் பற்றிக்கொள்ளும். கால்சியம் மிகுந்திருந்தால் தகடுகள் நெருங்கிச் சேர்ந்து மண் பொலபொலவென்று இருக்கும். இடையிலுள்ள துளைகளில் நீரும் காற்றும் செல்லும். பற்றியுள்ள சத்துக்களில் சோடியம் 15 சதத்திற்கு மேற்பட்டால், நீர் பட்டதும் தகடுகள் விலகிப் பால்போல் கரையும். அவை துளைகளை அடைத்து, காய்ந்ததும் ஓடுபோல் இறுகும். இத்தகைய மண்ணால் போட்ட கரையும் உட்புறம் அரித்து, பொந்து விழுந்து உடைவதுண்டு.

வீட்டிலேயே சோதனை

கண்ணாடித் தம்ளரில் மழைநீர் எடுத்து, பட்டாணி அளவு உலர்ந்த மண்கட்டியை மெதுவாகப் போடுங்கள். கலக்கவோ அசைக்கவோ கூடாது. இரண்டு மணி நேரத்திலும் மறுநாளும் பாருங்கள். கட்டி உதிர்ந்தும் நீர் தெளிவாக இருந்தால் கவலை குறைவு. கட்டியைச் சுற்றிப் பால்போல் கலங்கல் பரவினால் சோடியத்தின் வேலை என்று சந்தேகிக்கலாம். உப்புக் கிணற்று நீரில் இக்கலங்கல் தெரியாமல் போகும்; எனவே மழைநீரே வேண்டும். மண்ணிலேயே உப்பு மிகுந்திருந்தாலும் கலங்கல் மறையலாம். ஆகவே மண் பரிசோதனையும் அவசியம்.

கழுவினால் மட்டும் போதுமா?

உவரும் களரும் கலந்த நிலத்தில் நல்ல நீர் பாய்ச்சி உப்பைக் கழுவினால் மட்டும் போதாது. மண்ணீரிலுள்ள உப்புதான் தகடுகளை ஓரளவு சேர்த்து வைத்திருக்கிறது. அது போய்ச் சோடியம் தங்கிவிட்டால் மண் முன்னிலும் மோசமாகும். செய்த செலவும் வீண். முதலில் ஜிப்சம், பிறகே கழுவுதல்.

சீர்திருத்தும் முறை

1. வயலைச் சமன்செய்து, சிறு பாத்திகளாகப் பிரித்து வரப்பிடுங்கள். வடிகால் கட்டாயம் வேண்டும்.

2. மண் பரிசோதனை கூறும் ஜிப்சத் தேவையில் பாதியைச் சீராகத் தூவி, மேலாக உழுது கலக்குங்கள்.

3. நல்ல நீரைத் தேக்குங்கள். ஒரு லிட்டர் நீரில் ஜிப்சம் 2 கிராமுக்குச் சற்று மேல்தான் கரையும். அதனால் தேக்கம் தேவை. கால்சியம் சோடியத்தின் இடத்தைப் பிடிக்கும். வெளியேறிய சோடியம் நீரோடு வடிய வேண்டும், வடியாவிட்டால் பயனில்லை.

4. நடவுக்கு 10 முதல் 15 நாள் முன் ஏக்கருக்கு 2 டன் பசுந்தழை இட்டு மிதியுங்கள்.

5. களரைத் தாங்கும் திருச்சி 1, திருச்சி 3 போன்ற நெல் ரகங்களை நடுங்கள். ஏக்கருக்கு 15 கிலோ துத்தநாக சல்பேட் இடுங்கள்.

ஜிப்சம் வாங்கும் முன் மண் பரிசோதனை முடிவைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் வயலுக்கு எவ்வளவு தேவை என்பதை அதுவே சொல்லும்.