காற்றும் இறக்கையும்

குழாயினின்றும் வீழும் நீர்த்தாரையின் அருகே கரண்டியொன்றைக் காம்பின் நுனியிற் பற்றித் தொங்கவிட்டு, அதன் குவிந்த முதுகு தாரையிற் படுமாறு செய்க. நீர் கரண்டியை அப்பால் தள்ளும் என்றே எவரும் எண்ணுவர். நிகழ்வதோ இதற்கு மாறு. கரண்டி தாரையினுள் இழுக்கப்படுகின்றது. நீர் அம்முதுகின் வளைவைத் தழுவிச் சென்று, நேர்வழி நீங்கி ஒருபுறம் திரும்பி வீழ்கின்றது. நீரைக் கரண்டி ஒருபுறம் திருப்ப, கரண்டியை நீர் மறுபுறம் தள்ளுகின்றது. ஒவ்வொரு விசைக்கும் ஒத்த எதிர்விசை உண்டென 1687-இல் நியூட்டன் தம் நூலில் வகுத்த விதி இதுவே.

ஆகாய விமானத்தைத் தாங்குவதும் அவ்விதியே. இறக்கையைத் தழுவிச் செல்லும் காற்று கீழ்நோக்கித் திருப்பப்படுகின்றது. இறக்கை மேல்நோக்கி உந்தப்படுகின்றது. அப்போது இறக்கையின் மேற்புறத்துக் காற்று விரைந்தோடும்; அங்கே அழுத்தம் குறையும். மேல்வழி நீண்டதாதலின், கீழ்க்காற்றோடு ஒருங்கு சேரவேண்டி மேற்காற்று விரைகின்றது என்பாரும் உளர். அது பொருந்தாது. அங்ஙனம் சேரவேண்டும் என்னும் நியதி யாதும் இல்லை. உண்மையில் மேற்காற்றே முந்திச் சென்றுவிடுகின்றது.

இறக்கையின் முன்விளிம்பைச் சிறிது உயர்த்தின், தாங்கும் விசை மிகும். ஆயினும் அதற்கோர் எல்லை உண்டு. பெரும்பாலான இறக்கைகளில் ஏறத்தாழ 15 பாகைக்கு மேற்படின், காற்று வளைவைத் தழுவமாட்டாது பிரிந்து சுழலும். தாங்கும் விசை திடீரெனக் குன்றும்.

இவ்வெல்லை ஓர் அரிய மனிதரின் உயிரைக் கொண்டது. ஜெர்மனி நாட்டு ஓட்டோ லிலியெந்தால், இறக்கை பூண்டு குன்றுகளினின்றும் பாய்ந்து, ஏறக்குறைய 2000 முறை காற்றில் மிதந்தவர். 1896 ஆகஸ்டு 9-ஆம் நாள் அவருடைய ஊர்தி முகம் நிமிர்ந்து, செலவு தடைப்பட்டு நின்றது. உடலை முன்னே வீசி அதனைத் தாழ்த்த முயன்றார், இயலவில்லை. ஏறத்தாழ 50 அடி உயரத்தினின்றும் வீழ்ந்து, மறுநாள் பெர்லின் நகரில் உயிர் நீத்தார்.

அவர்தம் மறைவுச் செய்தியால் உள்ளம் தூண்டப்பெற்றவருள் அமெரிக்காவில் சைக்கிள் கடை நடத்திய ரைட் சகோதரர் இருவரும் ஆவர். தாம் செய்த மிதவையூர்தி கணக்கிட்ட அளவு தாங்காமை கண்டு, 1901-இல் 6 அடி நீளமுள்ள பெட்டியொன்றை அமைத்தனர். அதனுள் விசிறியாற் காற்றைச் செலுத்தி, ஏறத்தாழ 200 சிற்றிறக்கை வடிவங்களை ஆய்ந்தனர். லிலியெந்தாலுக்கு நேர்ந்தது தமக்கு நேராவண்ணம், ஊர்தியின் முகத்தை ஏற்றி இறக்கும் பலகையை முன்புறத்தே பொருத்தினர். 1903 டிசம்பர் 17-ஆம் நாள் எந்திரத்தின் வலியால் அவர்தம் விமானம் 12 நொடியில் 120 அடி பறந்தது. அன்றே நான்காம் முறை 59 நொடியில் 852 அடி சென்றது. பின்னர்த் தரையில் நின்றிருந்த அவ்விமானத்தைப் பெருங்காற்றொன்று புரட்டிச் சிதைத்தது. அது மீண்டும் பறக்கவேயில்லை.