ஸீப்ரா மீனின் இருதயம்

விரலில் கத்தி பட்டால் சில நாட்களில் தோல் கூடிவிடுகிறது. முறிந்த எலும்பும் நாளடைவில் பொருந்துகிறது. இருதயத்தின் தசையோ, இரத்தம் பெறாமல் ஒரு முறை மடிந்துபோமாயின், மீண்டும் உண்டாவதில்லை. சுருங்கும் வன்மையற்ற தழும்பே அவ்விடத்தில் நிலைத்துவிடுகிறது. மாரடைப்பினின்று பிழைத்தோர் பலர் பின்னர் மெலிந்த இருதயத்தோடு வாழ நேரிடுவது இதனாலேயே.

இதற்கு விலக்காய் விளங்குவது ஒரு சிறு மீன். வட இந்தியாவிலும் வங்காளத்திலும் ஓடைகளிலும் வயல்நீரிலும் வாழ்வது. உடலிலுள்ள நீலக் கோடுகளால் ஸீப்ரா மீன் எனப் பெயர் பெற்றது. 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க ஆராய்ச்சியாளர் இதன் இருதயக் கீழறையில் ஐந்தில் ஒரு பங்கை வெட்டி நீக்கினர். முதலில் உறைந்த இரத்தம் புண்ணை அடைத்தது. ஏறக்குறைய இரண்டு மாதங்களில் துடிக்கும் புதுத் தசை அவ்விடத்தை நிரப்பிற்று.

இத்தசை எங்கிருந்து வந்தது? புண்ணின் அருகே எஞ்சிய தசையணுக்களே தம் இறுகிய அமைப்பைத் தளர்த்திப் பிளவுபட்டுப் பெருகின என்பது 2010-இல் தெளிவாயிற்று. அவற்றை அவ்வாறு ஏவுவன வளர்ச்சிக் காரணிகள் என்னும் புரதங்கள். இவற்றைத் தூதர்க்கு ஒப்பிடலாம். ஓர் அணுவினின்று வெளிப்பட்ட தூது, மற்றோர் அணுவின் மேற்புறத்திலுள்ள ஏற்பியிற் பொருந்தினால்தான் செய்தி உட்புகும்.

இத்தூதருள் ஒன்று நியூரெகுலின்-1. இருதயம் புண்பட்டதும் அதன் வெளிப்புறத்தை அடுத்த அணுக்கள் இதனைச் சுரக்கின்றன. தசையணுக்கள் எர்ப்-பி2 என்னும் ஏற்பியின் துணையால் ஏற்கின்றன. அவ்வேற்பியை மருந்தினால் தடுத்தால் பெருக்கம் குன்றுகிறது. தசை பிழைக்கக் குருதிக் குழாய்களும் வேண்டுமன்றோ? எஃப்.ஜி.எஃப். என்னும் வேறொரு காரணி, வெளியுறையின் அணுக்களைப் புண்ணிடத்துக்கு அழைத்து அக்குழாய்கள் தோன்றத் துணைசெய்கிறது.

ஆயின் தூது ஓயாதிருத்தல் நன்றோ? அன்று. 2015-இல், புண்படாத மீனிலும் நியூரெகுலினை இடைவிடாது சுரக்கச் செய்தபோது, இருதயச் சுவர் வேண்டாமலே தடித்துப் பெருத்தது. தூது தொடங்குதல் போலவே உரிய காலத்தில் அடங்குதலும் இன்றியமையாதது.

பாலூட்டிகளுக்கு இவ்வாற்றல் முற்றும் அயலானதன்று. பிறந்த முதல் நாளில் வெட்டுண்ட சுண்டெலியின் இருதயம் மீள வளர்கிறது; ஏழாம் நாளில் வெட்டுண்டதோ வளர்வதில்லை. அவ்வாரத்தில் எர்ப்-பி2 ஏற்பி அருகிவிடுவது இதற்கு ஒரு காரணம். வளர்ந்த எலியில் அவ்வேற்பியைச் சிறிது காலம் மட்டும் எழுப்பியபோது, புண்பட்ட இருதயம் பெரிதும் தேறிற்று. தூதரை அனுப்பினால் மட்டும் போதாது; கேட்கும் செவியும் திறந்திருத்தல் வேண்டும். அச்செவியை அளவறிந்து திறந்து, காலமறிந்து மூடும் வழியைக் காண்பதே மனித இருதயத்தின்பொருட்டு ஆராய்ச்சியாளர் முன் நிற்கும் பணியாம்.