பனிக்காலமும் வீட்டுக் கூரையும்

கார்த்திகைத் தீபத் திருநாள் கழிந்ததும் திருவண்ணாமலை வட்டாரத்தில் பனி தொடங்கிவிடுகிறது. மார்கழி, தை மாதங்களில் அண்ணாமலை அடிவாரத்துக் கிராமங்களிலும், அதனினும் மிகுதியாக ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூரைச் சுற்றியுள்ள சிற்றூர்களிலும், விடியற்காலைக் குளிர் முதியோரையும் கைக்குழந்தைகளையும் வாட்டுகிறது. அப்பொழுது நாம் கதவையும் சாளரத்தையும் அடைக்கிறோம், விறகை எரிக்கிறோம். ஆனால் வீட்டின் வெப்பம் வெளியேறும் பெருவழி தலைக்கு மேலுள்ள கூரையே என்பதை எண்ணிப் பார்ப்பதில்லை.

பகலில் வெயிலை ஏற்ற கூரை, இரவில் அவ்வெப்பத்தை வானை நோக்கி வீசிவிடுகிறது. மேகம் இருப்பின் அது போர்வைபோல் நின்று ஒரு பகுதியைத் திருப்பி அனுப்பும். வானம் தெளிந்திருந்தால் அத்தடை இல்லை. ஆகவே, விண்மீன்கள் நன்கு தெரியும் இரவே வீடு விரைந்து குளிரும் இரவாகும்.

கூரைக்குக் கூரை இதில் வேறுபாடு உண்டு. விழல் அல்லது கரும்புச் சோகை வேய்ந்த கூரையில் அடைபட்டிருக்கும் காற்று வெப்பத்தை எளிதில் கடத்துவதில்லை. ஒரே கனமுள்ள கான்கிரீட் கடத்துவதில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கையே அது கடத்தும். எனினும் தீக்கும் மழைக்கும் அது தாங்காது. தகரக் கூரையோ பொழுது சாய்ந்ததும் குளிர்ந்துவிடும். வீட்டினுள் எழும் நீராவி அதன் அடியில் படிந்து, படுத்திருப்போர் மேல் சொட்டும். கான்கிரீட் தளம் பகல் வெப்பத்தைச் சேமித்து முன்னிரவில் இதம் தரும். விடியுமுன் அதுவும் குளிர்ந்துவிடும்.

2024-ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தில், வீட்டின் 360 சதுர அடியில் 300 சதுர அடிக்குக் கான்கிரீட் கூரை வகுக்கப்பட்டது. குடிசையினின்று இத்தகைய வீட்டிற்குக் குடிபுகுவோர் ஒன்றை மறத்தலாகாது. கூரைப்புல்லின் இடுக்குகள் வழியே புகை வெளியேறும். கான்கிரீட் தளத்தில் அதற்கு வழியில்லை. அடைத்த அறையில் கரிச்சட்டி வைத்து உறங்கினால், நிறமும் மணமும் அற்ற கார்பன் மோனாக்சைடு வாயு உறக்கத்திலேயே உயிரைப் பறித்துவிடும். குளிரைத் தடுக்க வேண்டியது கூரை, நெருப்பன்று.

இதற்கான வழிகள் எளியவை. கான்கிரீட் தளத்தின்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து மூன்று அங்குல கனத்திற்கு இட்டு, தட்டோடு பதிக்கலாம். இது பனியில் வெப்பத்தை உள்ளே காக்கும். கோடையில் வெளியே நிறுத்தும். மழை நீர்க் கசிவையும் தடுக்கும். தகர வீட்டில், கூரைக்குக் கீழே ஓரிரு அங்குல இடைவெளி விட்டு மூங்கிற்பாயைக் கட்டலாம். இடைவெளியில் நிற்கும் காற்றே காப்பாக அமையும். அடுப்பிற்கு மேல் மட்டும் பாய் கூடாது. ஓட்டு வீட்டில் உடைந்த ஓடுகளை மழைக்கு முன் மாற்றிவிட வேண்டும்.

தளம் வார்த்து முடிந்த பின் மேற்பூச்சை ஒத்திப்போடும் வழக்கம் பல ஊர்களில் உண்டு. அக்டோபர் 2 அன்று கூடும் கிராம சபையில், ஊரில் எத்தனை வீடுகள் இவ்வாறு நிற்கின்றன என்று ஊராட்சி உறுப்பினர்கள் கணக்கெடுத்து வைப்பாராயின், பனி வருமுன் அவ்வேலையை முடிக்க வழி பிறக்கும். விறகும் மிஞ்சும், குழந்தைகளும் நிம்மதியாய் உறங்குவர்.